உடைந்தால்தான் தேர்ச்சி

புனேயின் ஹிஞ்சேவாடியில் கம்பெனிகள் எல்லாம் தீர்ந்து, தார் ரோடும் தீர்ந்து, கேப்காரர்கள் வண்டியைத் திருப்பிக்கொள்கிற இடத்துக்கும் அப்பால் அந்த மையம் இருந்தது. இயற்கை நார்க்கலவை எலும்புத் தாங்கிகள் அச்சாக்க, ஆய்வு, தரநிர்ணய மற்றும் மக்கள் அர்ப்பணிப்பு மையம் என்பது முழுப்பெயர். அதை மூன்று மொழியில் எழுதிய பலகை கனம் தாங்காமல் நடுவில் தொய்ந்துபோய், ஒரு மூங்கில் கழியை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். முதுகுக்குத் தாங்கி செய்கிற இடத்தில் பலகைக்கு மூங்கிலா என்று யாரும் சிரிக்க வேண்டாம். பலகைக்கும் ஒரு ஃபைல் ஓடிக்கொண்டிருந்தது. ஷேர் ஆட்டோக்காரர்கள் அந்த இடத்தை 'நார் ஆபீஸ்' என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம், மூச்சாவது மிஞ்சும்.

ஜெயசீலன் தன் மகள் சோனியாவை அங்கே முதல்முறை கூட்டிப்போனது ஜூன் மாதம், மழை பிடித்த வாரம். மனிதர் தேஹு ரோடு ராணுவ வெடிமருந்து டிப்போவில் பெட்டி அடுக்கியே இருபத்தாறு வருஷம் ஓட்டியவர். அப்பா காலத்தில் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். சர்க்கார் ஆபீஸ் என்றால் அவருக்குப் பயமும் கிடையாது, கோபமும் கிடையாது. காய்ச்சல் வந்தால் மூன்று நாள் படுப்பதுபோல, ஃபைல் என்றால் மூன்று மாதம் நடப்பது என்று மனசில் எழுதிவைத்திருந்தார்.

சோனியாவுக்குப் பன்னிரண்டு வயசு. பள்ளிக்கூட யூனிஃபார்ம் அளவெடுத்த தையல்காரர்தான் முதலில் கண்டுபிடித்தார், ஒரு தோள் தாழ்ந்திருக்கிறது என்று. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகெலும்பு பக்கவாட்டில் இருபத்தேழு டிகிரி வளைந்திருந்தது. வளர்கிற பெண், வளர வளர வளைவும் வளரும், உயரம் நிற்கிறவரை முதுகுக் கவசம் போட்டால் இந்த அளவோடு பிடித்து நிறுத்தலாம் என்றார் டாக்டர். நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டால் முதுகைத் திறந்து கம்பி வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்பதையும் சொன்னார். சொல்லும்போது அவர் சோனியாவைப் பார்க்கவில்லை.

பிளாஸ்டிக் கவசம் ஒன்று போட்டுப் பார்த்தார்கள். பத்தே நாளில் வேர்த்து, புழுங்கி, விலா ஓரமெல்லாம் தோல் உரிந்து ரணமாகிவிட்டது. அம்மா பவுன் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே அழுதாள். அதன் பிறகுதான் டாக்டர் நார் ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். வாழை நாரையும் அம்பாடி நாரையும், அதாவது நம் புளிச்சைக் கீரைச் செடியின் நாரை, மக்காச்சோளத்துப் பிசினில் குழைத்து நூலாக்கி, அந்த நூலை உருக்கி மெஷினில் அச்சடிக்கிறார்கள், வலைபோல ஓட்டை ஓட்டையாக இருக்கும், காற்றுப் போகும், தோல் ரணமாகாது, இலவசம் வேறு என்றார்.

வாசலில் அட்டை மாட்டினார்கள். ஜெயசீலன் அட்டையில் 'உடன் வருபவர்' என்றும், சோனியா அட்டையில் 'பயனாளி' என்றும் இருந்தது. உள்ளே ஜன்னலே இல்லாத நீள வராந்தா. வெல்லம் காய்ச்சுகிற வாடை எங்கும் அடித்தது. பாதி வராந்தா போயிருப்பார்கள், சுவருக்குப் பின்னால் எங்கேயோ 'டக்' என்று ஒரு சத்தம். காய்ந்த கழியை முழங்காலில் வைத்து ஒடித்தால் கேட்குமே, அது. சோனியா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்னால் போன வாட்ச்மேன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அச்சு அறையில் வைஷு என்கிற பெண் இருந்தாள். இன்ஜினியர். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் திக்கித் திக்கித்தான் வரும். கையில் ஒரு நீல வெளிச்சக் கருவியை வைத்துக்கொண்டு சோனியாவைச் சுற்றிச் சுற்றி வந்து அளவெடுத்தாள்.

"ரொம்ப லைட்டா இருக்கும் அங்கிள். மழையில மட்டும் இந்த நூல் தண்ணி குடிச்சிடும், மெஷின்ல சடசடன்னு வெடிக்கும். நான் ஓவன்ல வெச்சு காயவெச்சிடறேன். டோன்ட் வொரி."

"எப்ப கிடைக்கும்மா?"

"பிரிண்ட் பதினாலு மணி நேரம்தான்." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்து, "பிரிண்ட் மட்டும்" என்றாள். ஜெயசீலனுக்கு அது உறைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து போன் வந்தது. தரநிர்ணயப் பிரிவின் துணை இயக்குநர் அனந்தராமன் தாமே பேசினார். பாஸ் ஆயிடுத்து, உடனே வாங்கோ என்றார். பவுன் பக்கத்து வீட்டுக்கெல்லாம் பேடா வாங்கிக் கொடுத்துவிட்டு, தானும் கிளம்பி வந்தாள்.

அனந்தராமன் எழுந்து நின்று வரவேற்றார். தங்கக் கரை போட்ட ஒரு சான்றிதழை இரண்டு கையாலும் நீட்டினார். பிறகு மேஜைமேல் ஒரு தட்டைக் காட்டினார். தட்டில் பழுப்பு நிறத்தில் ஒரு முதுகுக் கவசம் இருந்தது. நட்ட நடுவில் இரண்டாக ஒடிந்திருந்தது. முறிந்த வாயில் நார் பிய்ந்து துருத்திக்கொண்டிருந்தது.

"எவ்வளவு பாரம் தாங்கித்து தெரியுமோ? விதி சொல்றதைவிட ஒன்றரை மடங்கு! அதுக்கு அப்புறம்தான் ஒடிஞ்சுது. அபாரமான பீஸ்."

ஜெயசீலன் தட்டைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார். "எம் பொண்ணோட பிரேஸு எங்க சார்?"

"இதுதான்."

"இது ஒடஞ்சிருக்கே சார்."

"ஒடைக்காம எப்படி பாஸ் பண்றது?" அனந்தராமனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்து, விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார். "பன்னிரண்டாவது விதி. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் குறைந்தபட்சம் ஒரு மாதிரியை முறியும்வரை சோதிக்க வேண்டும். உங்க குழந்தையோட உடம்பு மாதிரி உலகத்துல இன்னொரு உடம்பு கிடையாது. அதனால லாட்டோட எண்ணிக்கை ஒண்ணு. ஒண்ணிலேர்ந்து குறைந்தபட்சம் ஒண்ணு எடுத்தா எத்தனை?"

"அது இன்னாத்துக்கு ஒடைக்கணும்?" என்றாள் பவுன். "புள்ள மாட்டிக்கினு நடந்தா தெரிஞ்சிரப் போவுது, நல்லாகுதா இல்லியான்னு."

"சோதிக்காத பொருளை ஒரு குழந்தை உடம்புல மாட்டச் சொல்றேளா?" அனந்தராமன் விதிப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "ஒரு தாய் பேசற பேச்சா இது?"

தான்தான் ஏதோ கொலை செய்யப் பார்த்தவள்போல பவுனுக்கே ஒரு கணம் தோன்றிவிட்டது. இந்த மாதிரி ஆபீசுகளில் இந்தத் திறமை இல்லாதவன் துணை இயக்குநராக முடியாது.

போகும்போது அவர்களைப் பெருமையாக ஒரு கூடத்துக்கு அழைத்துப் போனார். தரையிலிருந்து கூரைவரை இரும்பு அலமாரிகள். ஒவ்வொரு தட்டிலும் ஒடிந்த தாங்கிகள்: கழுத்துப் பட்டைகள், மணிக்கட்டுக் கூடுகள், முழங்கால் கூடுகள், முதுகுக் கவசங்கள். ஒவ்வொன்றிலும் பெயர், வயசு, தேதி, அதற்குக் கீழே 'தேர்ச்சி' என்று பச்சை முத்திரை. அப்படி நூற்றுக்கணக்கில் இருந்தன. கீழ்த்தட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பாதக்கூடு இருந்தது. பெயர் அபினவ், வயசு இரண்டு. அதுவும் குதிகாலில் துல்லியமாக ஒடிந்திருந்தது.

"இந்தப் பசங்கள்லாம் இப்ப எப்டி இருக்காங்க சார்?" என்று ஜெயசீலன் கேட்டார்.

"எல்லா ஃபைலும் முடிஞ்சாச்சு. ஒண்ணுகூட நிலுவை இல்லை."

வெளியே வந்ததும் சோனியா, "அப்பா, அந்தக் குட்டிப் பையன் நடந்துட்டானா?" என்று கேட்டாள். நடந்திருப்பான் என்றார். ஆட்டோ வருகிறதா என்று பார்ப்பதுபோல ரோட்டின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜெயசீலனை லேசுப்பட்ட ஆள் என்று நினைக்காதீர்கள். லாட் என்றால் என்ன, மாதிரி என்றால் என்ன என்பதெல்லாம் அவருக்கு ரத்தத்தில் ஊறியது. டிப்போவில் ஒரு லாட்டில் ஆயிரம் உருப்படி இருந்தால் சிலதை எடுத்து வெடிக்கவைத்துப் பார்ப்பார்கள், மிச்சம் பத்திரமாக இருக்கும். இரண்டு ராத்திரி புரண்டு புரண்டு யோசித்தார். மூன்றாம் நாள் காலையில் பவுனை எழுப்பி, "ரெண்டா அடிக்கச் சொல்லிட்டா? ஒண்ணை ஒடைச்சிக்கட்டும். ஒண்ணு நம்முளுது" என்றார். பவுன் கையெடுத்துக் கும்பிட்டாள், சாமியையா அவரையா என்று தெரியவில்லை.

அனந்தராமன் மனுவைப் படித்து நெகிழ்ந்தே போய்விட்டார். ஒன்பது வருஷத்தில் ஒரு பயனாளியின் தரப்பிலிருந்து வந்த முதல் தொழில்நுட்ப யோசனை என்றார். குழு கூடியது. குழு ஒரு துணைக்குழுவை அமைத்தது. துணைக்குழு, வாழை நார் என்பது விவசாய விளைபொருளா மருத்துவக் கருவியா என்று வாழை ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, பதில் வராததால் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டது. ஐந்து வாரத்தில் உத்தரவு வந்தது. வைஷு இரண்டு கவசம் அச்சடித்தாள்.

ஜெயசீலனும் பவுனும் ஓடினார்கள். மேஜையில் இரண்டு தட்டு இருந்தது. இரண்டிலும் கவசம், இரண்டும் நட்ட நடுவில் ஒடிந்தவை. இரண்டு சான்றிதழ்.

"அட்டவணைன்னு ஒண்ணு இருக்கோன்னோ" என்றார் அனந்தராமன். "லாட்டுல ரெண்டுலேர்ந்து எட்டு வரைக்கும் இருந்தா மாதிரி ரெண்டு. ரெண்டுல ரெண்டு. ரெண்டுமே அபாரம்."

"அப்ப மூணு அடிச்சா?" என்றார் ஜெயசீலன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"மூணு அடிச்சா ரெண்டு போக ஒண்ணு மிஞ்சும். கணக்கு சரிதான். மனு கொடுங்கோ."

மனு கொடுத்தார். செப்டம்பர் போயிற்று. மூன்று அச்சாயிற்று. இரண்டு ஒடிந்தது. ஒன்று மிஞ்சியது, முழுசாக மிஞ்சியது! கண்ணாடிப் பெட்டிக்குள் தேன் நிறத்தில் மினுங்கிக்கொண்டு நின்றது. சோனியா ஓடிப்போய்க் கண்ணாடியில் கையை வைத்தாள். அவள் இடுப்பு எங்கே குழிகிறதோ அங்கே அதுவும் குழிந்திருந்தது. அவள் விலா எங்கே புடைக்கிறதோ அங்கே அது தாங்கிப் பிடிக்கக் காத்திருந்தது. பெட்டியில் அரக்கு முத்திரை இருந்தது.

"இது காப்பு மாதிரி" என்றார் அனந்தராமன். "நாளைக்கு வழக்கு கிழக்குன்னு வந்தா காட்டறதுக்கு ஒண்ணு பத்திரமா இருக்கணுமே. ஏழு வருஷம் திறக்கப்படாது."

"ஏழு வருஷம் கழிச்சாவது குடுப்பீங்களா சார்?"

"தாராளமா வந்து வாங்கிக்கலாம். ஆனா அதுக்குள்ள காலாவதி ஆயிடும். மண்ணோட மண்ணா மக்கற பொருள்தானே? அதுதான் நம்ம பெருமையே."

வராந்தாவில் மறுபடி 'டக்' என்றது. யாருடையதோ ஒன்று தேறிவிட்டது. இந்தத் தடவை ஜெயசீலன்தான் சோனியாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்டோபரில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முப்பத்தைந்து டிகிரி. பள்ளிக்கூடப் பையை ஒரு தோளில் மாட்டினால் வழுக்கி வழுக்கி விழுந்தது. கண்ணாடி முன்னால் நின்று சோனியா தோளைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதை பவுன் கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, அடுப்படிக்குப் போய் வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். அந்த வாரம்தான் நார் ஆபீசிலிருந்து பதிவுத் தபால் வந்தது. டிப்போவில் ஒரு கிளார்க்கிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார் ஜெயசீலன். கிளார்க் இரண்டு தடவை படித்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, தமிழில் சொன்னான்.

'பயனாளி சோனியா, அங்கீகரிக்கப்பட்ட அளவுகளிலிருந்து நான்கு சென்டிமீட்டர் விலகியிருப்பது மறு அளவீட்டில் தெரியவந்துள்ளது. முன் அனுமதியின்றி ஏற்பட்ட இம்மாற்றம் குறித்து விளக்கம் கோரப்படுகிறது. நடைமுறைகள் முடியும்வரை பயனாளி தம் உடலில் மேற்கொண்டு மாற்றங்களைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்.'

"புள்ள வளந்துச்சின்னு விளக்கம் கேக்கறானுவளா?" என்றாள் பவுன். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அது வேறு என்னவோ ஆகிவிட்டது. ஜெயசீலன் விளக்கம் எழுதிக் கொடுத்தார். வயசின் காரணமாக ஏற்பட்டது, வேண்டுமென்றே செய்ததல்ல, இனிமேல் கவனமாக இருக்கிறோம் என்று எழுதி, மகளுக்காகத் தானே கையெழுத்தும் போட்டார். அன்று ராத்திரி சோனியா ஒரு சப்பாத்தியோடு எழுந்துவிட்டாள். ஏண்டி என்றால், "சாப்ட்டா வளந்துடுவேன்ல" என்றாள். பவுன் தட்டை விட்டெறிந்தாள். நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி அந்த ஆபீசைத் திட்டினாள். திட்டு எல்லாம் நான் எழுதமுடியாது. ஒவ்வொன்றும் நியாயம்.

அடுத்த வாரம் ஜெயசீலன் இயக்குநரையே போய்ப் பார்த்துவிட்டார். இயக்குநர் விஸ்வேஸ்வரன் பெரிய படிப்பாளி, ரொம்ப நல்லவர், எறும்பு செத்தால்கூட ஒரு நிமிஷம் மௌனம் காப்பவர். ஜெயசீலன் சொன்னதை எல்லாம் கண்ணை மூடிக் கேட்டார்.

"ஜெயசீலன், உங்க வேதனை எனக்குப் புரியறது. நான் தூங்கி எத்தனை நாள் ஆச்சு தெரியுமா? ஒரு குழந்தைக்குத் தாங்கி கொடுத்து, அது போறாம போயிடுத்துன்னா அந்தப் பாவம் யாரைச் சேரும்? என்னை. கொடுக்காம இருந்தா? வியாதியைச் சேரும். வியாதி பண்ணற தப்புக்கு நான் பொறுப்பில்லை. இதுதான் நிர்வாகத்தோட தர்மம்."

பிறகு கண்ணைத் திறந்து, வழி ஒன்று இருக்கிறது என்றார். டிசம்பரில் பத்தாவது ஆண்டு விழா. டெல்லியிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். அர்ப்பணிப்பு என்று பெயரில் இருக்கிறதே தவிர இதுவரை ஒன்றையும் அர்ப்பணித்ததில்லை என்று தணிக்கையில் யாரோ விஷமி எழுதிவிட்டான். அதனால் புது அளவில் நாலு அடிக்கலாம். இரண்டு சோதனைக்கு, ஒன்று காப்புக்கு, நாலாவது விழா மேடையில் சோனியாவின் உடம்பில்.

ஜெயசீலன் அவர் காலைத் தொடப் போய்விட்டார்.

டிசம்பர் எக்ஸ்ரே நாற்பத்தொன்று. இதுதான் கடைசி என்றார் டாக்டர். இந்த வாரமே கவசம் ஏறினால் பிடித்து நிறுத்திவிடலாம், பொங்கல் தாண்டினால் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

விழா நாளில் நார் ஆபீசைப் பார்க்க வேண்டுமே! வாசலில் செண்டுமல்லித் தோரணம், பலகைக்குக் கொடுத்த மூங்கிலுக்கும் ஜரிகைத்தாள் சுற்றியிருந்தார்கள். ஒடிந்த தாங்கிகளின் கூடத்தில் விருந்தாளிகளை வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். ஒரு டெல்லிக்காரர் அபினவின் பாதக்கூட்டைக் கையிலெடுத்து, முறிவு எவ்வளவு நேர்த்தி என்று புகழ்ந்தார். விஸ்வேஸ்வரன் ஆங்கிலத்தில் தொடங்கி, இந்தியில் ஏறி, மராத்தியில் இறங்கிப் பேசினார். விழா அரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்ட ஜெயசீலனுக்கு விளங்கிய அளவில் அது இதுதான்.

"பெரியோர்களே, பத்து வருஷத்தில் எங்கள் தாங்கி ஒன்று, ஒரே ஒன்று, ஒரு நோயாளியின் உடம்பில் ஒடிந்தது என்று யாராவது சொல்ல முடியுமா? ஒரு சிராய்ப்பு? ஒரு அரிப்பு? ஒரு புகார்? கிடையாது. வெளிநாட்டுக் கம்பெனிகள் அவசரப்பட்டுப் பொருளை ஜனங்களிடம் கொடுத்துவிடுகின்றன. ஜனங்கள் அதை உபயோகித்துவிடுகிறார்கள்! வேர்வை, தேய்மானம், கீறல். எங்கள் பொருளுக்கு அந்த அவமானம் நேர நாங்கள் விட்டதில்லை."

கைதட்டல் அடங்கவே ஒரு நிமிஷம் ஆயிற்று. சோனியாவை மேடையேற்றினார்கள். வைஷுதான் கவசத்தை மாட்டினாள். பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து, கொக்கி போட்டு, விரலை உள்ளே விட்டு இறுக்கம் பார்த்துவிட்டு விலகி நின்றாள். சோனியா மெல்ல மூச்சு விட்டாள். நிமிர்ந்தாள்.

அடடா, என்ன சொல்ல! மாதக்கணக்கில் கோணிக்கொண்டிருந்த தோள் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்தன. தலை நடுவில் நின்றது. கழுத்து நீண்டு, பெண் சட்டென்று இரண்டு விரற்கடை உயர்ந்துவிட்டாள். அம்மாவைத் தேடிக் கண்ணை ஓட்டி, கண்டுபிடித்துச் சிரித்தாள். பவுன் ஓவென்று அழுதுவிட்டாள். பக்கத்தில் இருந்த அதிகாரி, ஒலிவாங்கி இரைச்சல் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்.

மேடை கலைந்ததும் பூரியும் ஸ்ரீகண்டும் இருக்கிற பக்கம் கூட்டம் பாய்ந்தது. அனந்தராமன் தட்டு எடுக்கப் போகிற அவசரத்திலும் நின்று, "சாப்பிட்டுட்டு வந்து கழட்டி வெச்சுக்கறேன். அது கண்காட்சிச் சொத்து, நம்பர் போட்டாச்சு. போட்டோவை உங்களுக்கு அனுப்பச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெயசீலன் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வைஷு அவர் பக்கத்தில் குனிந்தாள்.

"அங்கிள், போயிடுங்க. ப்ளீஸ். இவ மேல ஸ்வெட்டர் போட்டு கூட்டிட்டுப் போயிடுங்க. எல்லாரும் சாப்பிடறாங்க. கேட்டா நான் எதாவது சொல்லிக்கிறேன்."

"உனக்கு ஒண்ணும் ஆகாதாம்மா?"

"ஆனா ஆகட்டும். நான் இங்க வந்து முந்நூறு பீஸ் பிரிண்ட் பண்ணிட்டேன் அங்கிள். ஒண்ணாவது போகட்டும்."

பவுன் ஸ்வெட்டரை மாட்டிவிட்டாள். மூவரும் எழுந்தார்கள். ஜன்னல் இல்லாத வராந்தாவில் நடந்தார்கள். ஓடக்கூடாது என்று ஜெயசீலன் பல்லிடுக்கில் சொல்லிக்கொண்டே வந்தார். சுவருக்குப் பின்னால் இன்று சத்தம் இல்லை, சோதனைக்காரர்களும் சாப்பிடப் போயிருந்தார்கள். வெறும் செருப்புச் சத்தம்தான். சாப்பாட்டுக்கூடத்து வாசலைத் தாண்டும்போது அனந்தராமனின் முதுகு தெரிந்தது. அவர் திரும்பவில்லை. முற்றம் வந்தது. வெயில் வந்தது. பவுன் சோனியாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள்.

கேட்டில் ஜக்தாப் என்கிற வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். காதில் ஒயர், கண் மொபைலில். ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். சின்ன கேட் விரியத் திறந்து கிடந்தது. வெளியே, இருபது அடியில், ஒரு ஷேர் ஆட்டோ ஆள் சேர்வதற்காக நின்றுகொண்டிருந்தது. பவுனும் சோனியாவும் கேட்டைத் தாண்டிவிட்டார்கள்.

ஜெயசீலன் கேட்டுக்கு வந்தார். அங்கே தரையில் ஒரு மஞ்சள் கோடு.

இருபத்தாறு வருஷம். சாயங்காலம் சங்கு ஊதியதும் டிப்போ வாசலில் வரிசை, மஞ்சள் கோட்டில் நின்று இரண்டு கையையும் தூக்கி, தடவிப் பார்க்கக் கொடுத்து, கையில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு வெளியே போவது. சாப்பாட்டு டப்பா காலி என்றாலும் சொல்லவேண்டும். அவர் ஒன்றும் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமே இல்லை. கால் கோட்டில் நின்றது. கை இரண்டும் தாமாக மேலே போயின.

"சாப், ஏக் சாமான் ஹை" என்றது அவர் வாய், ஐயா, ஒரு சாமான் இருக்கிறது என்று.

ஜக்தாப் நிமிர்ந்து பார்த்தான். காதிலிருந்து ஒயரை எடுத்தான். கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற இந்த ஆளையும், வெளியே உறைந்துபோய் நிற்கிற பெண்ணையும், அந்தச் சிறுமியின் ஸ்வெட்டருக்குக் கீழே எட்டிப் பார்க்கிற தேன் நிற விளிம்பையும் பார்த்தான். சாமான் என்று காதில் விழுந்துவிட்ட பிறகு அவனும்தான் என்ன செய்வான்? பாவம், பெருமூச்சு விட்டுக்கொண்டு ரிஜிஸ்டரை எடுத்தான். "கேட் பாஸ்?" என்றான்.

ஜக்தாப் உள்ளே போன் போட்டதும் அனந்தராமன் விரலில் ஸ்ரீகண்டோடு ஓடிவந்தார். கோபித்துக்கொள்ளவே இல்லை. ஜெயசீலனைக் கட்டிக்கொண்டார்.

"நீங்களே வந்து சொன்னேளாமே! இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷரா? இயக்குநர்கிட்ட சொல்லி ஒரு பாராட்டுக் கடிதம் வாங்கித் தரேன்." பிறகு சோனியாவைப் பார்த்து முகம் வாடினார். "என்ன பண்றது, நூறு அடி நடந்துடுத்தே குழந்தை. இது இனி உபயோகிச்ச பீஸ். விதிப்படி மறுபடி சோதிச்சாகணும்."

பவுன் திட்டியிருந்தால் ஜெயசீலனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். சோனியாதான் ஸ்வெட்டரைத் தூக்கி, கொக்கிகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடைசிப் பட்டை அவிழ்ந்ததும் தோள் மெல்லப் பழைய இடத்துக்கு இறங்கியது. கவசத்தை அனந்தராமன் கையில் கொடுத்தாள். அவர் அதைக் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு உள்ளே போனார்.

ஷேர் ஆட்டோவில் மூவரும் பின்சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கம்பெனி கேப்களுக்கு நடுவில் வண்டி இன்ச் இன்ச்சாக நகர்ந்தது. ஜெயசீலன் தன் இரண்டு கையையும் மடிமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வாகட் பாலம் தாண்டியதும் சோனியா அவர் பக்கம் சாய்ந்து, அம்மாவுக்குக் கேட்காத மாதிரி ரகசியமாகக் கேட்டாள்.

"அப்பா, அந்த ஆளு பாக்கவே இல்லியே. ஏன்ப்பா நின்ன?"